மூன்று முறை கேட்டால் இரண்டு முறை பதில்: மொட்டப்பாறைக் குடிசையில் ஓர் இரவு

பங்குனி உத்திரத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது இந்த மலைக்குப் போனேன். வழக்கமாக நான் எழுதும் பயணங்களைப் போல ஊர் சுற்றப் போகவில்லை. என் மச்சினனைக் கீழே இறக்கிக்கொண்டு வரப் போனேன். அதனால் அருவி, வியூ பாயிண்ட், செல்ஃபி என்று எதிர்பார்த்து வந்தவர்கள் இப்போதே வேறு பதிவுக்குப் போய்விடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

விஷயம் இதுதான். என் மனைவி கோமதிக்குக் கூடப் பிறந்தவன் ஒரே தம்பி, பெயர் செல்லத்துரை, வயது முப்பத்தொன்று, இன்னும் கல்யாணம் ஆகவில்லை. புளியங்குடிக்கு மேற்கே மலைச்சரிவில் ஒரு வியாபாரிக்குச் சொந்தமான எலுமிச்சைத் தோட்டம் இருக்கிறது. அங்கே காவலுக்கு இருக்கிறான். எங்கள் மகளுக்கு மூன்று வயது ஆகிறது, இன்னும் காது குத்தவில்லை. தாய்மாமன் மடியில் உட்கார வைக்காமல் காது குத்துவது எங்கள் பக்கம் நடக்காத காரியம். தையில் நாள் பார்த்தோம், அவன் வரவில்லை. மாசியில் பார்த்தோம், அப்போதும் வரவில்லை. இரண்டு முறையும் சாமான் கொண்டுபோகிற டிரைவரிடம் ஒரு துண்டுச் சீட்டு கொடுத்துவிட்டான். "ஆள் இல்லை. இறங்க முடியாது." அவ்வளவுதான் எழுதியிருந்தது.

வியாபாரிக்குப் போன் போட்டேன். அவர் என்னைவிடச் சலித்துப்போய் இருந்தார். "ஆளா இல்ல? ரெண்டு பேரு ரெடியா நிக்கான் சார். ஒங்க மச்சினன்தான் எறங்க மாட்டேங்கான். நாலு மாசமா இதே கூத்துதான்."

இதைக் கேட்டதும் கோமதி சாமி கும்பிடுவதைப் பாதியில் நிறுத்திவிட்டு என் முன்னால் வந்து நின்றாள். உத்திரத்தன்று எங்கள் குலதெய்வமான சாஸ்தா கோவிலில் காதுகுத்து, இதை இனி மாற்ற மாட்டேன் என்றாள். "இந்தத் தடவையும் அவன் வரலன்னா எனக்குத் தம்பியே பொறக்கலன்னு நெனச்சுக்கிடுதேன். சத்தியமாச் சொல்லுதேன். நீங்கதான் ஊரு ஊராப் போயி எழுதுதீயள்லா? ஒருவாட்டி எந்தம்பி கெடக்கற எடத்துக்கும் போயி எழுதுங்க."

அவள் சத்தியம் செய்தால் செய்ததுதான். கல்யாணத்தில் சண்டை போட்ட சித்தப்பாவிடம் பன்னிரண்டு வருடமாகப் பேசவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை கிளம்பிவிட்டேன்.

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் காலை 6.10க்கு வண்டி. புளியங்குடிக்கு 21 கிலோமீட்டர், டிக்கெட் பதினெட்டு ரூபாய், நாற்பது நிமிடத்தில் இறக்கிவிட்டார்கள். சாப்பாட்டை இங்கேயே முடித்துக்கொள்ளுங்கள், மேலே எதுவும் கிடைக்காது. நான் நான்கு இட்லியும் ஒரு வடையும் சாப்பிட்டுவிட்டு, எலுமிச்சை மார்க்கெட் வாசலில் இசக்கிக்காகக் காத்து நின்றேன். இசக்கி என்பவர்தான் அந்த டிரைவர். வாரம் ஒருமுறை செல்லத்துரைக்கு அரிசி பருப்பு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, பறித்து வைத்த காயை ஆள் வைத்து இறக்கிக்கொண்டு வருகிறவர். நாற்பது வயது இருக்கும். கொஞ்ச நேரம் சும்மா இருக்கச் சொன்னால் மூச்சு முட்டுகிற வகை.

அவருடைய குட்டி யானை வண்டியில் மலையடி வரை ஒன்பது கிலோமீட்டர். காலிச் சாக்குகளின்மேல் உட்கார்ந்துபோக நூற்றைம்பது ரூபாய் வாங்கினார். முன்னால் உட்காரலாமே என்று கேட்டேன், "அங்கன வெங்காய மூட்ட இருக்குல்லா" என்றுவிட்டார். மனிதனைவிட வெங்காயத்துக்கு மதிப்பு. தார் ரோடு ஒரு பம்புசெட்டோடு முடிகிறது. அங்கிருந்து நடைதான், ஆறரை கிலோமீட்டர், முழுக்க ஏற்றம். 8.50க்கு நடக்கத் தொடங்கினோம்.

முதல் ஒரு மணி நேரம் வரை இசக்கி உலக விஷயம் எல்லாம் பேசினார். இரண்டாவது மணி நேரத்தில், ஒரு புளியமரத்தடியில் மூட்டையை இறக்கியபோது, நானாகத்தான் கேட்டேன், செல்லத்துரைக்கு என்னதான் பிரச்சினை என்று. அவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். அதுவே எனக்குச் சரியாகப் படவில்லை.

"சார், ஒங்க மச்சினன் குடிசைக்கு எதுத்தாப்புல ஒரு குடிச கெடக்கு. நடுவுல ஒரு ஓட. அங்கன வேலு அண்ணாச்சின்னு ஒருத்தரு காவலுக்கு இருந்தாரு, அறுவத்தஞ்சு வயசு. போன கார்த்திகையில காய்ச்சல் கண்டு, தூக்கிட்டு வந்தாங்க. ஆஸ்பத்திரில அஞ்சு நாளு. போயிட்டாரு."

"அதுக்கும் இவனுக்கும் என்ன?"

"நாந்தான் மேல வந்து சொன்னேன். கேட்டுட்டுச் சும்மா இருந்தான். அழல, ஒண்ணும் கேக்கல. அந்த வாரத்துலருந்துதான் எறங்க மாட்டேங்கான். அந்தத் தோட்டத்த அப்படியே போட்டுட்டாங்க. குடிசயும் விழுந்துட்டு." பீடியைக் காலால் தேய்த்து அணைத்தார். "நான் இருட்டுறதுக்குள்ள எறங்கிருவேன் சார். என்னய இருக்கச் சொல்லக் கூடாது."

பகல் பத்தரை மணிக்கு, வெயிலில் வியர்வை கொட்டிக்கொண்டிருந்தபோது, இருட்டைப் பற்றி ஏன் பேசுகிறார் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

1.05க்கு மொட்டப்பாறைக்குப் போய்ச் சேர்ந்தோம். சரிவில் ஆறு ஏக்கர் எலுமிச்சை, அதற்குமேல் ஒரு பெரிய வழுக்குப் பாறை, பாறையை ஒட்டி மூன்று பக்கம் கல் சுவரும் மேலே தகரமுமாகக் குடிசை. ஒரு கயிற்றுக் கட்டில், அடுப்பு, மண்ணெண்ணெய் விளக்கு, பன்றி வந்தால் தட்ட ஒரு தகர டின். கரண்ட் கிடையாது, செல்லுக்கு டவரும் கிடையாது. மணி என்று ஒரு செவலை நாய் என்னைப் பார்த்து முக்கால் மணி நேரம் விடாமல் குரைத்தது. செல்லத்துரை அதை அதட்டவும் இல்லை. ஆள் பாதியாக இளைத்திருந்தான், கண்ணுக்கடியில் கருப்பு விழுந்திருந்தது. "வாங்க அத்தான்" என்றான், என் பையை வாங்கி உள்ளே வைத்தான். ஏன் வந்தேன் என்று கேட்கவில்லை.

இசக்கி சாமானை இறக்கிவைத்துவிட்டு ஒரு சொம்பு தண்ணீர் குடித்தார், இரண்டு மணிக்கெல்லாம் இறங்கிவிட்டார்.

பாறைமேல் ஏறி நின்று எதிர்ப்பக்கத்தைப் பார்த்தேன். எதிர் மேடு நேர்க்கோட்டில் அறுநூறு மீட்டர் இருந்தால் அதிகம். ஆனால் நடுவில் பள்ளம் ஆழமாக இறங்கி, ஓடையைத் தாண்டி மறுபடி ஏற வேண்டும். நடந்து போக ஒன்றேகால் மணி நேரம் ஆகும் என்றான் செல்லத்துரை. அந்தக் குடிசை நன்றாகவே தெரிந்தது. ஓலைக்கூரை உள்பக்கமாக விழுந்து, அதன்மேல் ஏதோ கொடி படர்ந்து பச்சையாகக் கிடந்தது. வாசல் இருந்த இடத்தில் முள்செடி ஆள் உயரத்துக்கு நின்றது. இதை இங்கே அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. நான் அரசு அலுவலகத்தில் ரெக்கார்டு பிரிவில் வேலை பார்ப்பவன், கண்ணால் கண்டதைத்தான் எழுதுவேன்.

காதுகுத்துப் பேச்சை எடுத்தேன். கோமதி செய்த சத்தியத்தையும் சொன்னேன். அடுப்பைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தான். "பிள்ளைக்கு எவ்வளவு முடி இருக்கு அத்தான்?" என்று கேட்டான். சடை போடுகிற அளவு வந்துவிட்டது என்றேன். சிரித்தான், ஆனால் வருகிறேன் என்று சொல்லவில்லை. எனக்குக் கோபம் வந்து, "ஏலே, ஒனக்கு மனசாட்சி இருக்கா?" என்று கத்தினேன். எழுந்து போய் அரிசியைக் களைந்தான். சோறு வடித்தான், பருப்பு வைத்தான், இருட்டுவதற்குள் சாப்பிட்டு முடித்தோம். மலையில் இருட்டு மேலிருந்து விழுவதில்லை, பள்ளத்திலிருந்து ஏறி வருகிறது. முதலில் ஓடை காணாமல் போனது, பிறகு தோட்டம், கடைசியாக என் கால்.

ஒன்பது மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது எழுந்தான். மூன்று பேட்டரிக் கட்டை போடுகிற பழைய டார்ச்சை எடுத்துக்கொண்டு பாறைமேல் போய் உட்கார்ந்தான். நாயும் கூடவே போனது. நான் வேடிக்கை பார்க்கப் போனேன்.

எதிர் மேட்டில் ஒரு வெளிச்சம் வந்தது.

மஞ்சளாக, சின்னதாக, அந்த விழுந்த குடிசை இருந்த அதே உயரத்தில். மெதுவாக இடமிருந்து வலமாக ஆடியது. ஒன்று. இரண்டு. மூன்று. பிறகு அசையாமல் நின்றது. செல்லத்துரை தன் டார்ச்சைத் தூக்கி இரண்டு முறை ஆட்டினான். எதிர் வெளிச்சம் அணைந்தது. நாய் வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.

"யாருலே அது?"

"அண்ணாச்சி."

"எந்த அண்ணாச்சி? அவருதான் கார்த்திகையிலேயே..."

"தெரியும் அத்தான். இசக்கி வந்து சொன்ன அன்னைக்கு ராத்திரியே கேட்டாரு."

என் முதுகுத்தண்டில் ஈரத் துணியை வைத்து இழுத்ததுபோல இருந்தது. காட்டில் திருட்டுத்தனமாக யாராவது வந்து தங்கியிருப்பார்கள் என்றேன், வேட்டைக்கு வந்தவனாக இருக்கும் என்றேன். அவன் மறுக்கவே இல்லை. அதைவிட அவன் மறுத்திருக்கலாம். குடிசைக்குள் வந்து உட்கார்ந்து, விளக்கைக் குறைத்து வைத்துவிட்டு, நிதானமாகச் சொன்னான்.

மலைக் காவலில் எதிரெதிர்க் குடிசைக்காரர்களுக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. ராத்திரி ஒன்பதுக்கும் பன்னிரண்டுக்கும் மூன்றுக்கும் மூத்தவன் கேட்க வேண்டும், இளையவன் பதில் போட வேண்டும். கேள்விக்கு மூன்று ஆட்டு, பதிலுக்கு இரண்டு. நான் இருக்கிறேன், நீ இருக்கிறாயா என்பது அதன் அர்த்தம். பதில் வராவிட்டால் கேட்டவன் விடிந்ததும் தேடிப் போக வேண்டும். பாம்பு கடித்திருக்கலாம், கரடி அடித்திருக்கலாம். ஒருமுறை தேடிக் கிளம்பிவிட்டால் ஆளின் முகத்தைப் பார்க்காமல் திரும்பக் கூடாது. அதேபோல மலையை விட்டு இறங்குகிறவன் எதிர்க் குடிசைக்காரனிடம் நேரில் போய், வாயால் சொல்லிவிட்டுத்தான் இறங்க வேண்டும். வெளிச்சத்தில் சொல்லக் கூடாது.

"ஐப்பசி மழையில எனக்குக் காய்ச்சல் அத்தான். பதில் போட முடியல. விடியக்காலம் வந்து நின்னாரு. ஓடையில இடுப்புக்கு மேல தண்ணி. ரெண்டு நாளு கூட இருந்து கஞ்சி வச்சுக் குடுத்தாரு. அந்த ஈரம்தான் அவருக்கு நெஞ்சுல ஏறிட்டு." கையால் முகத்தைத் தேய்த்துக்கொண்டான். "என்னயத் தேடி வந்துதான் செத்தாரு. இப்பமும் கேக்காரு. நான் சொல்லாம எறங்கிட்டேன்னா, பதிலு வரலன்னு தேடி வருவாரு. நான் இருக்க மாட்டேன். மூஞ்சியப் பாக்காமத் திரும்பவும் மாட்டாரு. தேடிக்கிட்டே கெடப்பாருல்லா?"

"அப்ப சொல்லிட்டு எறங்க வேண்டியதுதானே?"

"ரெண்டுவாட்டி போனேன். அங்கன யாரு இருக்கா? முள்ளுகிட்டயா சொல்ல?"

இதற்கு உங்களில் யாருக்காவது பதில் தெரிந்தால் கமெண்டில் எழுதுங்கள். நான் அன்றிரவு அவனைப் பைத்தியம் என்று முடிவு கட்ட எவ்வளவோ பாடுபட்டேன். நானும் அந்த வெளிச்சத்தைப் பார்த்துத் தொலைத்திருந்தேனே.

பன்னிரண்டு மணிக்கு மறுபடி போனோம். இந்த முறை என் மூளை எழுத்தாளன் மூளையாகிவிட்டது. செல்லை எடுத்து வீடியோ போட்டேன். சார்ஜ் பதினொரு சதவீதம் இருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. "பதில் போடாம இருந்து பாப்பமா?" என்று கிசுகிசுத்தேன். "வெளையாடாதீங்க அத்தான்!" என்றான். அவன் என்னிடம் குரல் உயர்த்திப் பேசியது அதுதான் முதல் தடவை. இரண்டு ஆட்டு ஆட்டினான். வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். நாற்பத்திரண்டு விநாடி வெறும் கறுப்பு, நடுவில் என் மூச்சுச் சத்தம்.

குடிசைக்கு வந்ததும் அவன் உட்கார்ந்தபடியே கண் சொருகினான், திடுக்கிட்டு எழுந்தான். நான்கு மாதமாக மூன்று மணி நேரத்துக்கு மேல் சேர்ந்தாற்போலத் தூங்கவில்லையாம். எனக்குப் பாவமாகிவிட்டது. "நீ படு மாப்ளே. மூணு மணிக்கு நான் போடுதேன்" என்றேன். நம்பாமல் பார்த்தான். "ரெண்டு ஆட்டுதானே, அது எனக்குத் தெரியாதா?" என்றேன். செல்லில் அலாரம் வைத்து அவனிடம் காட்டினேன். படுத்த நிமிடமே தூங்கிப்போனான்.

நான் உட்கார்ந்தே இருந்தேன். ஒன்றரை வரை ஞாபகம் இருக்கிறது.

நாயின் மூக்கு என் கையில் பட்டு விழித்தேன். அடுப்பு அணைந்திருந்தது. செல்லை அமுக்கினால் உயிர் இல்லை. வீடியோ எடுத்த திமிரில் சார்ஜைப் பார்க்கவே இல்லை. கைக்கடிகாரத்தை விளக்கில் காட்டினேன், மணி 4.05. டார்ச்சை எடுத்துக்கொண்டு பாறைக்கு ஓடினேன்.

எதிர் மேட்டில் வெளிச்சம் கேட்டுக்கொண்டிருந்தது. மூன்று ஆட்டு, ஒரு நிறுத்தம். மறுபடி மூன்று. எவ்வளவு நேரமாகக் கேட்கிறதோ தெரியாது. நான் டார்ச்சைத் தூக்கியபோது அது ஆடுவதை நிறுத்தியது. நான் இரண்டு முறை ஆட்டினேன். அணையவில்லை. மறுபடி இரண்டு ஆட்டினேன். அது கீழே இறங்கத் தொடங்கியது.

பகலில் ஒன்றேகால் மணி நேரம் பிடிக்கும் பாதை. 4.12க்குப் புறப்பட்ட வெளிச்சம் 4.19க்கு ஓடையில் இருந்தது. மனிதன் கையிலிருக்கும் விளக்கு அடிக்கு அடி ஆடும் அல்லவா, அப்படித்தான் ஆடியது. ஒரு இடத்தில் கல் தடுக்கியதுபோலச் சற்று தாழ்ந்து நிமிர்ந்தது. ஒரு இலைச் சத்தம் கிடையாது. பைத்தியக்காரன்போல நான் டார்ச்சை ஆட்டிக்கொண்டே இருந்தேன், "இருக்கோம், இருக்கோம்" என்று வாய்விட்டுச் சொன்னேன். பிறகு டார்ச்சைப் போட்டுவிட்டு ஓடிப்போய்ச் செல்லத்துரையை உலுக்கினேன்.

"தூங்கிட்டேன் மாப்ளே. அது வருது. நான் பதில் போட்டேன், கேக்காம வருது!"

அவன் வெளியே பார்த்தான். என்மேல் கோபப்படவில்லை. "கெளம்பியாச்சுன்னா திரும்ப மாட்டாருல்லா" என்றான். "உசுரோட இருக்கும்போது விடியட்டும்னு காத்திருப்பாரு. இப்ப அவருக்கு இருட்டு என்ன செய்யும்?"

வெளிச்சம் தோட்டத்துக்குள் வந்துவிட்டது. எலுமிச்சை மரங்களுக்கு நடுவில், ஒவ்வொரு மரத்தின் நிழலையும் நீளமாக எங்கள் பக்கம் தள்ளிக்கொண்டு வந்தது. என்னைப் பார்த்து முக்கால் மணி நேரம் குரைத்த நாய், ஒரு சத்தமும் போடாமல் வாலை ஆட்டிக்கொண்டு அதை நோக்கி ஓடியது. குடிசையிலிருந்து நாற்பது அடி தூரத்தில், கடைசி மரத்தடியில் வெளிச்சம் நின்றது. அதன் பின்னால் யாரும் இருப்பதாகத் தெரியவில்லை. யாரும் இல்லை என்றும் என்னால் சொல்ல முடியவில்லை.

செல்லத்துரை பானைத் தண்ணீரில் முகம் கழுவினான். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு நடந்தான். நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் பற்கள் அடித்துக்கொண்டன, இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. அவன் குரல் மட்டும் கேட்டது.

"நல்லாருக்கேன் அண்ணாச்சி. எனக்கு ஒண்ணும் இல்ல, பாத்துக்கிடுங்க." யாரோ கேட்டதற்குப் பதில்போல என் பக்கம் கை காட்டினான். "அது எங்க அத்தான். நாந்தான் அவர முழிக்கச் சொன்னேன், தூங்கிட்டாரு. டவுன் ஆளு, மன்னிச்சுக்கிடுங்க."

சாகப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில்கூட எனக்குச் சுருக்கென்றது.

"என்னால ஒங்களுக்கு இப்பிடி ஆயிட்டு" என்றான். அதற்குமேல் குரல் உடைந்து அழுதான். கார்த்திகையில் அழாத அழுகை எல்லாம் அப்போது அழுதான். பிறகு மூக்கைச் சிந்திவிட்டுத் தெளிவாகச் சொன்னான். "அக்கா மவளுக்கு உத்திரத்துக்குக் காதுகுத்து அண்ணாச்சி. மடில வைக்க நாந்தான் இருக்கேன். நான் எறங்குதேன். போயிட்டு வாரேன்."

மரத்தடியில் நின்ற வெளிச்சம் மெதுவாக இடப்பக்கம் போய் வலப்பக்கம் வந்தது. ஒரு தடவை. இன்னொரு தடவை. மூன்றாவது தடவை ஆடவில்லை. அணைந்தது.

நான்கு மாதமாகக் கேட்டுக்கொண்டே இருந்தவர் முதன்முதலாகப் பதில் போட்டிருந்தார்.

விடிந்தபிறகு அந்த மரத்தடிக்குப் போய்ப் பார்த்தேன். ஓடைப் பக்கமிருந்து புல்லில் பனி கலைந்து ஒரு தடம் வந்திருந்தது. பன்றி போனாலும் பனி அப்படிக் கலையும், மறுப்பதற்கில்லை. 7.20க்கு இறங்கத் தொடங்கினோம், நாயும் வந்தது. ஓடைக்குப் பிரியும் இடத்தில் செல்லத்துரை திரும்பிப் பார்ப்பான் என்று நினைத்தேன், பார்க்கவில்லை. சொல்லிவிட்டு வந்தவன் ஏன் பார்க்க வேண்டும்? இறக்கத்துக்கு இரண்டே முக்கால் மணி நேரம் ஆனது. என் முழங்கால் இன்றைக்கும் வலிக்கிறது.

உத்திரத்தன்று காலை எங்கள் சாஸ்தா கோவிலில் என் மகள் தாய்மாமன் மடியில் உட்கார்ந்து, ஆசாரி ஊசியை எடுக்கும் முன்பே ஊரைக் கூட்டினாள். அவளோடு சேர்ந்து கோமதியும் அழுதாள். தம்பியின் தலையில் இரண்டு குட்டு வைத்துவிட்டு, அவன் இலையில் மூன்று கரண்டி பாயசம் ஊற்றினாள். சத்தியத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. தோட்டக்காரருக்குத் தெரிந்த ஆள் இல்லாமல் அந்தப் பக்கம் போகாதீர்கள். தோட்ட எல்லையைத் தாண்டினால் வனத்துறைக் காடு, அனுமதி இல்லாமல் கால் வைக்கக் கூடாது. ஆவணி தாண்டினால் ஓடையை நம்பாதீர்கள், பங்குனி சித்திரைதான் சரி. ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், முழுக்கை சட்டை, நல்ல டார்ச்சும் மாற்றுக் கட்டையும் வேண்டும். செல்லை நம்பி அலாரம் வைக்கிறவர்கள் வீடியோ எடுக்காதீர்கள். மொட்டப்பாறையில் இப்போது இரண்டு பேர் காவலுக்கு இருக்கிறார்கள். எதிர் மேட்டில் ஏதாவது தெரிகிறதா என்று இசக்கியிடம் விசாரித்தேன். ஒன்றுமே இல்லையாம், ராத்திரி முழுக்கக் கறுப்பாம்.

எனக்கு அந்த ராத்திரியைப் பற்றிப் பயம் இன்னும் இருக்கிறது. ஆனால் பயத்தைவிடப் பெரிதாக ஒன்று நெஞ்சில் உட்கார்ந்துவிட்டது. ஒரு பதில் வரவில்லை என்பதற்காகச் செத்த மனிதர் பள்ளத்தில் இறங்கி ஏறி வந்தார். இங்கே எங்கள் தெருவில் நான் இரண்டு நாள் கதவைத் திறக்காவிட்டால் பால்காரர்தான் பாக்கெட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு போவார்.

செல்லத்துரை இப்போது புளியங்குடி மார்க்கெட்டில் காய் தரம் பிரிக்கும் வேலையில் இருக்கிறான், அங்கேயே அறை எடுத்துத் தங்கியிருக்கிறான். தினமும் ராத்திரி ஒன்பது மணிக்கு அவனிடமிருந்து எனக்கு மூன்று மிஸ்டு கால் வரும், காவலில் அவன்தான் மூத்தவனாம். நான் இரண்டு கொடுப்பேன். ஒருவரும் பேச மாட்டோம். போன வாரம் ஆபீஸ் களைப்பில் எட்டரைக்கே செல்லை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் இருட்டுப் பிரியும் முன்பு யாரோ கேட்டைத் தட்டும் சத்தம். ஜன்னல் வழியாகப் பார்த்தால் வாசலில் ஒரு வெளிச்சம் நிற்கிறது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தேன். பிறகு அந்த டார்ச்சை அடையாளம் தெரிந்தது.

முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருக்கிறான். ராத்திரி பெய்த மழையில் முழங்கால் வரை சேறு.

"பதிலு வரலையே அத்தான்" என்றான், என் மூஞ்சியையே பார்த்துக்கொண்டு.

அவன் கையிலிருந்த டார்ச்சை வாங்கி இரண்டு முறை ஆட்டினேன்.